லினக்ஸ் கணினியில் வரைவியல் இடைமுகம் தொடங்காவிடின் செய்யவேண்டியவை



பணிசெயல் முறைமை என்னும் அலகைக் கற்கும்போது பயனர் இடைமுகம் இரு வகைப்படும் என்று படித்திருப்பீர்கள். ஒன்று வரைவியல் பயனர் இடைமுகம், மற்றையது கட்டளைக்கோட்டு இடைமுகம். இவற்றை ஒப்பிடுமாறு கேட்டால் பெரும்பாலானோர் ‘முதலாவது இலகுவானது, இரண்டாவது கடினமானது’ என இரு வரிகளில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவர். விடை பிழையல்ல, ஆனால் போதாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு, முதலாவது இயங்க மறுக்கும் நாளில்தான் நன்றாக விளங்கும்.

அப்படியொரு நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் உபுண்டு லினக்ஸ் நிறுவப்பட்ட கணினியொன்று உள்ளது. ஒரு தவணை முழுவதும் நீங்கள் குழுவாகச் செய்த செயற்றிட்டம் அதன் வன்தட்டில் இருக்கிறது. வேறு பிரதி இல்லை. ஒப்படைக்க இன்னும் இரண்டு நாட்களே உள்ளன. ஆளியை அழுத்துகிறீர்கள். தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றி மறைகிறது. அதன்பின் கருந்திரை, இடது மேல் மூலையில் சிமிட்டும் சிறு கோடு ஒன்று, வேறெதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பவும் நிறுவினால் சரி’ என்பார்.

அந்த ஆலோசனையை உடனே ஏற்கவேண்டாம். திரையில் படம் வரவில்லை என்பதால் வன்தட்டிலுள்ள கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. மாறாக, மீள நிறுவும்போது ‘முழுத் தட்டையும் அழித்து நிறுவுக’ என்ற தெரிவை அழுத்தினால் அவை உண்மையிலேயே அழிந்துபோகும். இவ்வாறான பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றை மீள நிறுவாமலே தீர்க்கலாம். அதற்குக் கணினி எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதைக் கண்டறிய வேண்டும்.

(குறிப்பு: கீழே கட்டளைகளின் பெயர்கள் உச்சரிப்பின்படி தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடவேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை.)

திரையில் படம் தோன்றும் வரை நடப்பவை

மின்னிணைப்பைக் கொடுத்ததும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருளாகும். பழைய கணினிகளில் இது பயோஸ் எனவும், புதியவற்றில் யுஇஎப்ஐ எனவும் அழைக்கப்படும். இது நினைவகம், சாவிப்பலகை, வன்தட்டு ஆகியன உள்ளனவா எனச் சோதித்துவிட்டு, வன்தட்டிலுள்ள தொடக்க ஏற்றியை அழைக்கும். லினக்ஸில் இந்த ஏற்றி பெரும்பாலும் கிரப் எனப்படும் மென்பொருளாக இருக்கும். கிரப் செய்யும் வேலை ஒன்றுதான்: லினக்ஸின் கருவை முதன்மை நினைவகத்துக்குக் கொண்டுவருதல். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இந்தக் கருவையே.

கரு வன்பொருள்களை அடையாளங்கண்டு, அவற்றுக்குரிய செலுத்தி மென்பொருள்களை ஏற்றும். பின்னர் முதலாவது செயன்முறையைத் தொடக்கிவைக்கும். உபுண்டுவில் அது ‘சிஸ்டம்டி’ என்பதாகும். சிஸ்டம்டி வலையமைப்பு, அச்சிடல், நேரம் முதலிய சேவைகளைத் தொடக்கிச் செல்லும். அதன் பட்டியலின் கடைசிப் பகுதியில்தான் காட்சி முகாமையாளர் என்ற சேவை வருகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அழகான உள்நுழைவுத் திரையைக் காட்டுவது இதுவே. ஜிடிஎம், லைட்டிஎம், எஸ்டிடிஎம் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இதற்குத் துணையாகப் படத்தை உண்மையாகவே திரைக்கு அனுப்பும் காட்சிச் சேவையகம் ஒன்றும் இயங்கும். நீங்கள் உள்நுழைந்த பின்னரே ஜினோம், கேடிஈ, எக்ஸ்எப்சிஈ போன்ற மேசைத்தளச் சூழல் தோன்றும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். வரைவியல் இடைமுகம் லினக்ஸின் கருவுக்குள் இல்லை. அது எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக ஏறி உட்காரும் ஒரு பகுதி. வீட்டின் மேல்மாடி விளக்கு எரியவில்லையென்றால் அத்திவாரத்தை உடைப்பதில்லை அல்லவா? கீழேயுள்ள படிகள் யாவும் சரியாக இயங்க, மேற்படி மட்டும் விழுந்திருக்கக்கூடும். வலையமைப்புச் சேவையகங்கள் பலவற்றில் வரைவியல் இடைமுகம் நிறுவப்படுவதே இல்லை. அவை திரையே இல்லாமல் மாதக்கணக்கில் இயங்குகின்றன.

முதலாவது சோதனை: கீழ்ப்படிகள் இயங்குகின்றனவா?

திரையில் ‘சமிக்ஞை இல்லை’ என்ற செய்தி இருந்தால் முதலில் வடத்தைப் பாருங்கள். இது சிறுபிள்ளைத்தனமான ஆலோசனையாகத் தோன்றலாம். ஆயினும் தனியான வரைவியல் அட்டை பொருத்திய கணினியில், திரையின் வடத்தை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையின் துறையில் செருகிவிட்டு மணிக்கணக்காக லினக்ஸைக் குறைகூறுவோர் உண்டு. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னமாவது தோன்றினால் திரையும் வடமும் பெரும்பாலும் நன்றாகவே உள்ளன எனக் கொள்ளலாம்.

அடுத்ததாகச் சாவிப்பலகையில் கப்ஸ் லொக் சாவியை அழுத்திப் பாருங்கள். சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கரு இன்னும் வேலைசெய்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. பின்பு கொன்ட்ரோல், ஓல்ட், எப்3 ஆகிய மூன்று சாவிகளையும் ஒன்றாக அழுத்துங்கள். கருந்திரையில் கணினியின் பெயரும் ‘லொகின்’ என்ற சொல்லும் எழுத்தில் தோன்றினால் மகிழ்ச்சியடையுங்கள். நீங்கள் இப்போது கட்டளைக்கோட்டு இடைமுகத்தில் நிற்கிறீர்கள்.

இதனை மெய்நிகர் முனையம் என்பர். ஒரே திரையையும் ஒரே சாவிப்பலகையையும் வைத்துக்கொண்டு பல முனையங்கள் இருப்பதுபோல லினக்ஸ் நடந்துகொள்கிறது. பழைய பதிப்புகளில் எப்1 முதல் எப்6 வரை எழுத்து முனையங்களும், எப்7 இல் வரைவியல் இடைமுகமும் இருந்தன. ஜிடிஎம் பயன்படுத்தும் அண்மைக்கால உபுண்டுவில் எப்1 இல் உள்நுழைவுத் திரையும், வழமையாக எப்2 இல் உங்கள் மேசைத்தளமும் இருக்கும். எனவே எப்3 ஐ அழுத்துவதே பாதுகாப்பானது.

பெயரைத் தட்டச்சு செய்து என்டர் சாவியை அழுத்தியதும் கடவுச்சொல் கேட்கப்படும். அதைத் தட்டச்சு செய்யும்போது திரையில் எழுத்தும் தோன்றாது, புள்ளியும் தோன்றாது. சாவிப்பலகை பழுதாகிவிட்டது என எண்ணி நிறுத்திவிடாமல் முழுவதையும் தட்டச்சு செய்து என்டரை அழுத்துங்கள். கடவுச்சொல்லில் இலக்கங்கள் இருந்தால் மேல் வரிசையிலுள்ள இலக்கச் சாவிகளையே பயன்படுத்துங்கள். வலப்புற இலக்கத் திண்டு இயங்காத நிலையில் இருக்கலாம்.

திருத்துவதற்கு முன் பிரதி எடுங்கள்

உள்நுழைந்தாயிற்று. உடனே திருத்த வேலையில் இறங்கவேண்டாம். ‘எல்எஸ்’ என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். உங்கள் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். செயற்றிட்டமும் அதற்குள் இருக்கும். இப்போது அதனை வெளியே எடுப்பதே முதல் வேலை.

பேனா நினைவகம் ஒன்றைச் செருகி, ‘எல்எஸ்பிஎல்கே’ என்ற கட்டளையை இடுங்கள். கணினியுடன் இணைக்கப்பட்ட தட்டுகள் யாவும் அவற்றின் கொள்ளளவுடன் காட்டப்படும். கொள்ளளவைக் கொண்டு உங்கள் பேனா நினைவகம் எது என அறியலாம்; அதன் பெயர் பெரும்பாலும் ‘எஸ்டிபி1’ என்பதுபோல இருக்கும். வரைவியல் இடைமுகத்தில் பேனா நினைவகத்தைச் செருகியதும் அது தானாகவே திறந்துகொள்ளும். இங்கே அவ்வேலையை நீங்களே ‘மவுன்ட்’ என்ற கட்டளையால் செய்யவேண்டும். அதாவது அந்தத் தட்டை ‘எம்என்டி’ என்ற வெற்றுக் கோப்புறையுடன் இணைக்கவேண்டும். பின்னர் ‘சிபி’ என்ற கட்டளையுடன் இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘ஆர்’ எழுத்தும் சேர்த்தால் கோப்புறை முழுவதும் உள்ளடக்கத்துடன் பிரதியாகும். முடிந்ததும் ‘யுமவுன்ட்’ கட்டளையை இட்ட பின்னரே பேனா நினைவகத்தைக் கழற்றவேண்டும். அதற்கு முன் கழற்றினால், எழுதப்பட்டதாக நீங்கள் நினைக்கும் தரவுகள் இன்னும் முதன்மை நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும்.

மவுன்ட் போன்ற கட்டளைகளுக்கு முகாமையாளர் உரிமை தேவை. கட்டளைக்கு முன் ‘சுடோ’ என்ற சொல்லைச் சேர்ப்பதால் அவ்வுரிமை பெறப்படுகிறது. ஆய்வுகூடக் கணினியில் மாணவர் கணக்குக்கு இவ்வுரிமை வழங்கப்படாதிருப்பது வழமை. அப்படியாயின் ஆசிரியரை அழைத்து அவரின் முன்னிலையிலேயே செய்யுங்கள்.

எழுத்து முனையமும் வராவிட்டால்? அப்போதும் கோப்புகளைக் கைவிடத் தேவையில்லை. வேறொரு கணினியில் தயாரித்த உபுண்டு நிறுவல் பேனா நினைவகத்திலிருந்து கணினியைத் தொடக்கி, ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால், வன்தட்டைத் தொடாமலே ஒரு தற்காலிக மேசைத்தளம் தோன்றும். அதிலிருந்து வன்தட்டைத் திறந்து கோப்புகளைப் பிரதிசெய்யலாம்.

வன்தட்டு நிறைந்துவிட்டதா?

பிரதி கையில் வந்தபின் ஆறுதலாகக் காரணத்தைத் தேடலாம். நான் முதலில் பார்க்கச் சொல்வது வன்தட்டின் வெற்றிடத்தைத்தான். ஏனெனில் இது அடிக்கடி நிகழ்வது. சோதிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ‘டி’, ‘எப்’ என்ற ஈரெழுத்துக் கட்டளையை இட்டு, இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘எச்’ எழுத்தும் சேர்த்து என்டரை அழுத்துங்கள். ஒவ்வொரு பிரிவின் கொள்ளளவு, பயன்படுத்திய அளவு, மீதி, நூற்றுவீதம் என்பன அட்டவணையாக வரும். மூல அடைவைக் குறிக்கும் சரிவுக்கோட்டுக்கு நேரே 100% என இருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது.

தட்டு நிறைந்தால் படம் ஏன் வரக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். மேசைத்தளச் சூழல் தொடங்கும்போது பல சிறிய தற்காலிகக் கோப்புகளை எழுதவேண்டியுள்ளது. எழுத இடமில்லாவிட்டால் அது தொடங்கிய வேகத்திலேயே நின்றுவிடும். எழுத்து முனையமோ கிட்டத்தட்ட எதையும் எழுதாமலே இயங்கக்கூடியது. தவிர, உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்டி4 கோப்பு முறைமை உருவாக்கப்படும்போது, மொத்த இடத்தில் 5% முகாமையாளருக்கென ஒதுக்கிவைக்கப்படுகிறது. 100 கிகாபைற்று பிரிவொன்றில் இது 5 கிகாபைற்று ஆகும். சாதாரண பயனருக்கு இடம் தீர்ந்தாலும் முகாமையாளர் உள்ளே வந்து துப்புரவு செய்ய முடிவது இதனாலேயே.

‘சுடோ ஏபிடி கிளீன்’ என்ற கட்டளை, நிறுவி முடிந்த மென்பொருள்களின் பதிவிறக்கப் பொதிகளை அகற்றும். பயனர்களின் குப்பைத்தொட்டியில் கிடக்கும் திரைப்படங்களும் இடத்தை நிரப்பியிருக்கலாம். வரைவியல் இடைமுகத்தில் அழித்தவை குப்பைத்தொட்டிக்குச் செல்கின்றனவேயன்றித் தட்டிலிருந்து உடனே நீங்குவதில்லை. ஆனால் எழுத்து முனையத்தில் ‘ஆர்எம்’ கட்டளையால் அழித்தது எந்தத் தொட்டிக்கும் போகாது. ஆகவே அக்கட்டளையை இடுமுன் எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பாருங்கள்.

கடவுச்சொல் சரி, ஆனால் உள்ளே விடுவதில்லை

சில வேளைகளில் உள்நுழைவுத் திரை அழகாகத் தோன்றும். கடவுச்சொல்லை இட்டதும் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் அதே உள்நுழைவுத் திரை வந்து நிற்கும். கடவுச்சொல் பிழையென்றால் பிழை என்றே சொல்லும். இங்கே எந்தச் செய்தியும் இல்லை. இதன் பொருள்: காட்சி முகாமையாளர் வரை எல்லாம் சரி, உங்கள் கணக்குக்குரிய மேசைத்தளம் மட்டும் தொடங்கி விழுகிறது. வேறொரு பயனர் பெயரில் நுழைந்து பாருங்கள். அவருக்குத் திறந்தால் பழுது உங்கள் வீட்டு அடைவில்தான் உள்ளது.

தட்டு நிறைந்திருத்தல் இதற்கும் ஒரு காரணமாகலாம். அடுத்த காரணம் கோப்பு உரிமை மாறிப்போதல். லினக்ஸ் ஒரு பல்பயனர் பணிசெயல் முறைமை என்று படித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று அனுமதிகள் அவருக்கும், குழுவுக்கும், ஏனையோருக்கும் தனித்தனியே வழங்கப்படுகின்றன. வரைவியல் இடைமுகம் தொடங்காதபோது சிலர் பொறுமையிழந்து, முகாமையாளர் உரிமையுடன் ‘சுடோ ஸ்டார்ட்எக்ஸ்’ எனக் கட்டளையிட்டு அதனை வலிந்து தொடக்க முயல்வர். அவ்வேளையில் அவர்களது வீட்டு அடைவில் உருவாகும் சில கோப்புகளின் உரிமையாளராக முகாமையாளரே பதியப்படலாம். அடுத்த முறை சாதாரண பயனராக நுழையும்போது, தன் வீட்டிலுள்ள கோப்பைத் தானே எழுத முடியாத நிலை ஏற்படும். அவ்வாறான கோப்புகளுள் பெயர்போனது ‘எக்ஸ்ஓதோரிட்டி’ என்பது. பெயருக்கு முன் புள்ளி உள்ளதால் சாதாரணமாக அது மறைந்தே இருக்கும்.

‘எல்எஸ்’ கட்டளையுடன் சிறு கோடும் ‘எல்’, ‘ஏ’ எழுத்துகளும் சேர்த்தால் மறைந்த கோப்புகளும் உரிமையாளர் பெயருடன் தோன்றும். உங்கள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ரூட்’ என இருந்தால், ‘சிஎச்ஓன்’ கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இந்த ஒரு கோப்பைப் பொறுத்தவரை, ‘எம்வி’ கட்டளையால் அதன் பெயரை மாற்றிவைத்தாலும் போதும்; அடுத்த முறை எக்ஸ் அமர்வு தொடங்கும்போது புதிய கோப்பு தானாக உருவாகும்.

மேம்படுத்தலின் பின் வரும் பழுது

நேற்றுவரை இயங்கியது, இன்று இயங்கவில்லை என்றால், இடையில் என்ன மாறியது என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘மேம்படுத்தினோம்’ என்பதே விடையாக இருக்கும்.

மேம்படுத்தல் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்படுவது ஒரு வகை. 2022 இல் நம் நாட்டில் நாளாந்தம் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு இருந்த மாதங்களைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாதி நிறுவப்பட்ட பொதிகளை ‘டிபிகேஜி’ கட்டளையின் ‘கொன்பிகர்’ தெரிவால் முழுமையாக்கலாம். இரண்டு சிறு கோடுகள், ‘கொன்பிகர்’ என்ற சொல், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ‘ஏ’ எழுத்து என்பது ஒழுங்கு. இதற்கும் சுடோ தேவை.

மற்ற வகை சற்று நுட்பமானது. வரைவியல் அட்டைக்குரிய செலுத்தி மென்பொருள் கருவுடன் நெருக்கமாக ஒட்டி இயங்குவது. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் அட்டைகளுக்குத் திறந்த மூலச் செலுத்திகள் கருவுடனேயே வருகின்றன. கரு மாறினால் அவையும் கூடவே மாறும். என்விடியா நிறுவனம் தனியாக வழங்கும் செலுத்தியோ கருவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏற்ப அமைக்கப்படவேண்டும். புதிய கரு வந்து, அதற்கேற்ற செலுத்தி அமைக்கப்படாமற்போனால், கரு ஓடும், சேவைகள் ஓடும், படம் மட்டும் வராது.

இதற்கு மிக எளிய சோதனை பழைய கருவுடன் தொடக்கிப் பார்ப்பதாகும். உபுண்டு புதிய கருவை நிறுவும்போது முந்தியதையும் வைத்திருக்கும். கணினி தொடங்கும்போது ஷிப்ட் சாவியை அழுத்திப் பிடித்தால் (யுஇஎப்ஐ கணினியாயின் எஸ்கேப் சாவியை அழுத்தினால்) கிரப் பட்டியல் தோன்றும். அதில் மேம்பட்ட தெரிவுகள் என்பதற்குள் பழைய பதிப்பு எண்ணுடைய கரு இருக்கும். அதில் மேசைத்தளம் வந்துவிட்டால், பழுது புதிய கருவுக்கும் செலுத்திக்கும் இடையிலேயே உள்ளது என உறுதியாகக் கூறலாம். ஆசிரியர் செலுத்தியை மீள நிறுவும் வரை நீங்கள் பழைய கருவிலேயே வேலைசெய்யலாம்.

புதிதாக நிறுவிய கணினியில் பழைய கரு இருக்காது. அதற்கு வேறொரு வழி உண்டு. கிரப் பட்டியலில் உபுண்டு என்ற வரியில் நின்று ‘ஈ’ எழுத்துச் சாவியை அழுத்துங்கள். தோன்றும் வரிகளுள் ‘லினக்ஸ்’ எனத் தொடங்கும் வரியின் இறுதியில் இடைவெளி விட்டு ‘நோமோட்செற்’ என்ற சொல்லைச் சேர்த்து எப்10 ஐ அழுத்துங்கள். அட்டையின் சிறப்பு ஆற்றல்களைப் பயன்படுத்தித் திரையின் பிரிதிறனை நீயே அமைக்கவேண்டாம் என்று கருவுக்குக் கூறுவதே இச்சொல்லின் வேலை. படம் குறைந்த பிரிதிறனில், சற்று மந்தமாக வரும், ஆனால் வரும். இம்மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே என்பதால் பயப்படத் தேவையில்லை. அதே வரியிலுள்ள ‘குவயட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற இரு சொற்களை நீக்கிவிட்டால், சின்னத்தின் பின்னால் மறைக்கப்பட்டிருந்த செய்திகள் யாவும் திரையில் ஓடும். கடைசியாக நின்ற வரி எது எனக் காணலாம்.

கணினி எழுதிவைத்த நாட்குறிப்பு

ஊகித்துத் திருத்துவதைவிட வாசித்துத் திருத்துவது நன்று. லினக்ஸ் தான் செய்த ஒவ்வொன்றையும் பதிவுக் கோப்புகளில் எழுதிவைக்கிறது. ‘ஜேர்னல்சிடிஎல்’ என்ற கட்டளையுடன் சிறு கோடும் ‘பி’ எழுத்தும் சேர்த்தால் இம்முறை தொடங்கியதிலிருந்து நடந்தவை யாவும் நேர ஒழுங்கில் வரும். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளையுடன் காட்சி முகாமையாளரின் பெயரைச் சேர்த்தால், அச்சேவை இயங்குகிறதா, விழுந்துவிட்டதா என்பது தெரியும். ‘பெயில்ட்’ என்ற சொல் இருந்தால் அது விழுந்துவிட்டது.

எக்ஸ் சாளர முறைமை பயன்படுத்தும் கணினியாயின் அதற்கெனத் தனிப் பதிவுக் கோப்பு உண்டு. எக்ஸ் என்பது 1984 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தொடங்கப்பட்டது. அதன் 11 ஆவது பதிப்பு 1987 இல் வெளிவந்தது. லினக்ஸைவிட மூத்தது. அதன் பதிவுக் கோப்பில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் இரு குறியீடுகள் காணப்படும். இரண்டு ‘ஐ’ தகவலையும், இரண்டு ‘டபிள்யு’ எச்சரிக்கையையும், இரண்டு ‘ஈ’ வழுவையும் குறிக்கும். நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மலைக்கவேண்டாம். இரட்டை ‘ஈ’ வரிகளை மட்டும் தேடுங்கள்.

அங்கே பலரும் காணும் ஒரு வழுச் செய்தி ‘திரைகள் எதுவும் காணப்படவில்லை’ என்னும் கருத்துடையது. கண்ணெதிரே திரை இருக்க இப்படிச் சொல்கிறதே என்று வியப்பீர்கள். எக்ஸின் மொழியில் ‘திரை’ என்பது மேசைமேலுள்ள பொருளல்ல. ஓர் அட்டை, அதற்குரிய செலுத்தி, ஒரு காட்சிச் சாதனம் ஆகியவை ஒன்றாக இணைந்த அமைப்பு. செலுத்தி கிடைக்காவிட்டாலும் அந்த இணைப்பு உருவாகாது. செய்தி அதுவாகவே இருக்கும். எனவே கடையில் புதிய திரை வாங்கப் புறப்பட்டுவிடாதீர்கள்.

முன்னர் எக்ஸுக்கு எல்லாவற்றையும் பயனரே ‘எக்ஸோர்க் கொன்ப்’ என்ற அமைப்புக் கோப்பில் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. திரையின் கிடை, நிலைக்குத்து மீடிறன்களைக்கூடத் திரையின் கையேட்டைப் பார்த்து எழுதினர். பிழையான எண்களை எழுதினால் பழைய கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரை பழுதடையக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டது. இப்போது திரையே தன் விபரங்களை 128 பைற்று கொண்ட சிறு தரவுத் தொகுதியாக வடத்தின் வழியே கணினிக்கு அனுப்புகிறது. ஆகவே பெரும்பாலான கணினிகளில் அக்கோப்பு தேவையில்லை. ஆனால் பழைய அட்டைக்காக யாரோ எழுதிவைத்த கோப்பு அப்படியே இருக்க, அட்டையை மட்டும் மாற்றினால் எக்ஸ் இல்லாத அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும். அக்கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மீளத் தொடக்கிப் பாருங்கள்.

எக்ஸின் இடத்தை வேலண்ட் என்ற புதிய முறை படிப்படியாகப் பெற்றுவருகிறது. 2008 இல் தொடங்கப்பட்ட இதனை உபுண்டு 2021 ஏப்பிரலில் வெளியிட்ட 21.04 பதிப்பிலிருந்து பெரும்பாலான அட்டைகளுக்கு இயல்நிலைத் தெரிவாக்கியது. வேலண்டுக்கு மேற்கூறிய தனிப் பதிவுக் கோப்பு இல்லை. ஜேர்னல்சிடிஎல் தரும் பதிவிலேயே அதன் செய்திகளைத் தேடவேண்டும்.

மாதிரி வினா

லினக்ஸ் நிறுவப்பட்ட கணினியொன்றில் உள்நுழைவுத் திரை தோன்றுகிறது. சரியான கடவுச்சொல்லை உட்செலுத்தியும் மாணவி ஒருத்திக்கு மேசைத்தளம் தோன்றாமல் மீண்டும் உள்நுழைவுத் திரையே வருகிறது. அதே கணினியில் ஆசிரியர் தமது கணக்கில் நுழையும்போது மேசைத்தளம் தோன்றுகிறது.

(அ) கரு சரியாக ஏற்றப்பட்டுள்ளது எனக் கூறமுடியுமா? காரணம் தருக.

முடியும். காட்சி முகாமையாளர் கருவுக்கும் சேவைகளுக்கும் பின்னரே தொடங்குகிறது. அது தோன்றியுள்ளதால் முந்திய படிகள் நிறைவேறியுள்ளன.

(ஆ) வரைவியல் அட்டையின் செலுத்தி காரணமாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஆசிரியரின் மேசைத்தளமும் அதே அட்டையையும் செலுத்தியையுமே பயன்படுத்துகிறது.

(இ) சோதிக்கவேண்டிய இரண்டு விடயங்களைக் குறிப்பிடுக.

வன்தட்டில் மாணவியின் கணக்கு எழுதுவதற்கு வெற்றிடம் உள்ளதா என்பது. மாணவியின் வீட்டு அடைவிலுள்ள கோப்புகளுக்கு அவரே உரிமையாளராக உள்ளாரா என்பது. (முதலாவதை மட்டும் எழுதி, ‘ஆசிரியரால் நுழைய முடிவதால் தட்டு நிறைந்திருக்க முடியாது’ என வாதிடும் மாணவர்கள் இருப்பர். பயனர்களின் வீட்டு அடைவுகள் வெவ்வேறு பிரிவுகளில் இருக்கலாம். தனித்தனி இட வரம்பும் விதிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே சோதிக்காமல் விலக்கக்கூடாது.)

(ஈ) மாணவியின் செயற்றிட்டக் கோப்புகளை மேசைத்தளமின்றிப் பெறும் வழியொன்றைக் கூறுக.

கொன்ட்ரோல், ஓல்ட், எப்3 சாவிகளை அழுத்தி மெய்நிகர் முனையத்தில் தமது பெயரில் நுழைந்து, பேனா நினைவகத்தை இணைத்துக் கட்டளைக்கோட்டு இடைமுகம் மூலம் பிரதிசெய்தல்.